‘பாப்பம்’ என்றொரு பொத்தான்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று ஐம்பதுக்கு, நிதுஷன் கணினியை மூடிவிட்டு எழும்பப்போன நேரம் பார்த்து, டென்மார்க்கின் யூலன்ட் தமிழர் ஒன்றியத்தின் தலைவர் சிவபாலன் தொலைபேசியில் வந்தார்.

“தம்பி, நீர் செய்த பேஜைப் பாத்தனான். வடிவாத்தான் இருக்கு. ஆனா ஒரு பெரிய பிழை.”

“என்ன பிழை அண்ணை?”

“ரெண்டு பட்டன்தானே கிடக்கு. ‘வாறன்’, ‘வரேல்லை’.”

“ஓம் அண்ணை. ஒன்றுகூடலுக்கு வாற ஆக்கள் முதலாவதை அமத்துவினம். வராத ஆக்கள் ரெண்டாவதை.”

“எங்கட சனத்தில ஆர் அப்பிடிச் சொல்லுறது? ‘பாப்பம்’ எண்டு ஒண்டு போடும். இல்லாட்டி ஒருத்தரும் ஒண்டையும் அமத்தாயினம்.”

சொன்னது நியாயம்தான். டேனிஷ்காரர் ஒருவரைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் நாட்குறிப்பைப் பார்த்து அந்த இடத்திலேயே ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுவார். நம்மவர்களுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி. வருவதென்று முடிவெடுத்தவரும் ‘பாப்பம்’ என்பார், வரவே மாட்டாதவரும் ‘பாப்பம்’ என்பார், கூப்பிட்டவரும் அதைக் கேட்டுத் திருப்தியோடு போவார். ஒன்றியம் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஒழுங்கு ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நிதுஷன் எழும்பின கதிரையில் திரும்ப இருந்தான். ‘வாறன்’ பொத்தானைப் பிரதி எடுத்தான். பக்கத்தில் ஒட்டினான். எழுத்தை ‘பாப்பம்’ என்று மாற்றினான். பச்சையை மஞ்சளாக்கினான். நாலு மணிக்குக் காரில் இருந்தான்.

இந்த இடத்தில் பொத்தான்களைப் பற்றி ஒரு வார்த்தை. டென்மார்க்கில் ஒரு குழந்தை பிறந்தால் பெயர் வைக்கும் முன்பே அதற்குச் சிபிஆர் என்ற ஆள் இலக்கம் வந்துவிடும். ஒருவருடைய இலக்கம் இன்னொருவருக்கு இராது. வைத்தியரிடம் போனாலும் நூலகத்துக்குப் போனாலும் இலக்கத்தைத்தான் முதலில் கேட்பார்கள், பெயரெல்லாம் பிறகு. திரையில் இருக்கும் பொத்தான்களுக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. மேலே எழுதியிருப்பது மனிதர் வாசிக்க. உள்ளே இருக்கும் ஐடி கணினி வாசிக்க. பொத்தானை அப்படியே பிரதி எடுத்தால் அந்த ஐடியும் கூடவே வந்துவிடும். நீங்கள் மேலே என்னத்தை எழுதி என்ன நிறம் பூசினாலும் கணினிக்கு இரண்டும் ஒரே ஆள்தான்.

நிதுஷனுக்கு இது தெரியாதா என்று கேட்கக்கூடாது. கிரின்ஸ்டெட்டில் அவன் வேலை செய்யும் இடத்தில் மொத்தம் பதினொரு பேர். பண்ணைகளில் மாட்டுத் தீவனம் கலக்கும் இயந்திரங்களுக்குத் திரை செய்வது அவர்கள் தொழில். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு புது ஆள் ‘புல்’ பொத்தானைப் பிரதி எடுத்து ‘சோளம்’ என்று பெயர் மாற்றிவிட்டு ஐடியை மாற்ற மறந்துபோனான். நூற்றெண்பது மாடுகள் மூன்று நாள் வெறும் புல்லைத் தின்று பாலைக் குறைத்துக்கொண்டன. அன்றைக்குச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ‘பிரதி எடுத்தவர் முதல் வேலையாக ஐடியை மாற்றவும்.’ அதை எழுதி ஒட்டியவன் நிதுஷன். அந்தத் தாளுக்குக் கீழே இருந்துதான் அவன் ‘பாப்பம்’ செய்தான்.

ஏன் இப்படி நடந்தது என்றால், அவனுடைய மனம் அந்த வெள்ளிக்கிழமை பொத்தானில் இருக்கவில்லை. அது ரண்டர்ஸ் நகரத்தில் இருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்பு, இதே ஒன்றியத்தின் இதே ஒன்றுகூடலில், கிரின்ஸ்டெட் மண்டபத்தில் சாரங்கியை அவன் கண்டான். ரண்டர்ஸில் ஒரு பார்மசியில் வேலை, சனிக்கிழமைகளில் அங்கே தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்தல். அன்றைக்கு அவள் ரயிலிலும் பஸ்ஸிலுமாக வந்திருந்தாள். கிரின்ஸ்டெட்டில் ஞாயிற்றுக்கிழமை பஸ் என்பது வந்தால் கண்டுகொள்ளலாம் என்ற வகை. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் இருந்தது. தரிப்பிடத்தில் அவளுக்குத் துணையாக இவன் நின்றான்.

என்ன கதைத்தார்கள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. பாடசாலைப் பிள்ளைகள் ‘ழ’வைச் சொல்லாமல் தப்பிக்கும் வழிகளை அவள் சொன்னாள். மாடுகள் திரையைப் பார்க்காது, ஆனால் பண்ணைக்காரர்கள் மாடுகளுக்குப் பிடித்த நிறம் கேட்கிறார்கள் என்று இவன் சொன்னான். அவள் சிரித்தாள். தன்னுடைய பகிடிக்கு ஒருவர் இப்படிச் சிரித்ததை அவன் அதற்கு முன் கண்டதில்லை. பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “வாற வருஷமும் வருவீங்கள்தானே?” என்றாள்.

“ஓம், வருவன்,” என்றான் நிதுஷன். ‘பாப்பம்’ என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் நேராகச் சொன்ன பதில் அதுதான்.

தன்னுடைய கார் மண்டப வாசலிலேயே நிற்கிறது, ரண்டர்ஸ் மட்டும் கொண்டுபோய் விட்டிருக்கலாம் என்பது பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

அடுத்த வருடம், வருகிறவர்களின் பட்டியலைத் தான் தட்டச்சு செய்து தருவதாக சிவபாலனிடம் வலியப் போய்க் கேட்டு வாங்கினான். சிவபாலனின் கொப்பியில் குடும்பத் தலைவர்களின் பெயரும் ஆட்களின் தொகையும் இருந்தன. சாரங்கி என்ற பெயர் இல்லை. மூன்று தரம் பார்த்தான், இல்லை. அவள் வராத இடத்தில் போய் எவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்று நினைத்தான். வேலை இருக்கிறது என்று சொல்லி, மண்டபத்திலிருந்து காரில் ஏழு நிமிடத் தூரத்தில் இருக்கும் தன் வீட்டில் நாள் முழுக்க இருந்தான். அதற்கடுத்த வருடமும் பட்டியல், அதே கதை. இப்படி நாலு வருடம். பிறகு ஒன்றியம் போடும் படங்களையும் பார்ப்பான். சிவபாலன் எடுக்கும் படங்களில் மேடையில் இருக்கும் விருந்தினரும் அவருடைய சொந்தக் கட்டைவிரலும்தான் விழும்.

முகநூலில் அவள் இருந்தாள். நட்பு அழைப்பு என்ற பொத்தானுக்கு மேல் விரலை வைத்து எத்தனை தரம் எடுத்தான் என்பதற்குக் கணக்கில்லை. பிழைப்பே பொத்தான் செய்வது. ஒன்றை அழுத்தத் தைரியம் இல்லை.

ஆகவே இந்த வருடம் அவனாகவே சிவபாலனிடம் போய், குடும்பம் குடும்பமாக எழுதாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பு அனுப்பிப் பதில் எடுக்கலாம் என்றான். நவீனமாக இருக்கும் என்றான். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்காக அவன் அந்தப் பக்கத்தைச் செய்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் செய்தது ஒருத்திக்காக. கேட்க வாய் வராத ஒரு கேள்வியை ஒரு பொத்தான் கேட்டுத் தரட்டும் என்றுதான்.

இணைப்புகள் சனிக்கிழமை போயின. ஞாயிறு காலை பத்தேகாலுக்கு, பட்டியலில் நூற்று நாற்பத்தெட்டாவது வரி பச்சையானது.

சாரங்கி, ரண்டர்ஸ்: வாறன்.

நிதுஷன் கதிரையை விட்டு எழும்பினான். சமையலறைக்குப் போனான். ஏன் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தான். வரி இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை தலைமயிர் வெட்டினான். செவ்வாய்க்கிழமை நீலச் சேட் ஒன்று வாங்கினான். வாகனத்தைக் கழுவி, பக்கத்து இருக்கையில் ஐந்து வருடமாகக் குவிந்திருந்த கடதாசிகளை எடுத்துப் போட்டான். இந்த முறை பஸ் தரிப்பிடம் கிடையாது.

ஒன்றியத்துக்கும் அதே அளவு மகிழ்ச்சி. ஒன்பது நாளில் இருநூற்று மூன்று பேர் ‘வாறன்’. வரேல்லை ஒன்பது. பாப்பம் சைபர்.

“எங்கட சனம் திருந்தீட்டுது தம்பி,” என்றார் சிவபாலன், குரல் தழதழக்க. “பாப்பம் எண்டு ஒரு குருவி சொல்லேல்லை. நான் பழைய மண்டபத்தை விட்டிட்டுப் பக்கத்தில ஹான்ட்போல் விளையாடுற பெரிய ஹோலை எடுத்திட்டன்.”

சமையலுக்குப் பொறுப்பு சூசைதாசன். மன்னார்க்காரர், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உப்புப் போடாமல் இருபது வருடம் சமைத்த கோபத்தை வருடத்துக்கொரு முறை ஒன்றுகூடலில்தான் தீர்த்துக்கொள்வார். இருநூற்று மூன்று என்றதும் தலைநகர்ப் பக்கம் ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மச்சானிடம் சொல்லிப் பெரிய சட்டியை எடுப்பித்தார்.

பத்தாம் நாள் சிவபாலன் திரும்ப எடுத்தார்.

“தம்பி, எனக்கு மட்டும் பிழையாக் காட்டுது. நான் ‘பாப்பம்’ எண்டெல்லோ அமத்தினனான். லிஸ்டில ‘வாறன்’ எண்டு கிடக்கு.”

“நீங்கள் தலைவர் அண்ணை. நீங்கள் ஏன் ‘பாப்பம்’ அமத்தினீங்கள்?”

“சும்மா, பழக்கத்தில.”

நிதுஷனின் கண் மெல்ல மெல்லச் சுவரில் இருந்த தாளுக்குப் போனது. பொத்தான் இரண்டையும் திறந்து உள்ளே பார்த்தான்.

பக்கத்து மேசை மெட்டே, அவனோடு ஆறு வருடமாக வேலை செய்பவள், எழும்பி வந்து அவன் திரையைப் பார்த்தாள். இரண்டு பொத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். டேனிஷ் மொழியில் ஒரு வார்த்தையும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லத் தெரிந்தவள்.

“மஞ்சளை அழுத்தினாலும் பச்சை விழுந்திருக்கிறது,” என்றாள் கடைசியில். “பெரிய விஷயமா? மாடு ஒன்றும் சாகவில்லையே.”

“ஒரு வரி மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அவள் எதை அழுத்தினாள் என்று.”

“தெரியாது. இரண்டுக்கும் ஒரே ஐடி. ஐடியைத்தானே எழுதி வைத்திருக்கிறாய். இனிக் கடவுளுக்கும் தெரியாது.” கொஞ்சம் யோசித்தாள். “அவளிடமே கேளேன்.”

“அது அவ்வளவு லேசில்லை.”

“ஒரு கேள்விதானே.”

“நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. அதற்குத்தான் இந்தப் பக்கத்தையே செய்தேன்.”

மெட்டே தன் மேசைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பச்சை வரியை நிதுஷன் இப்போது வேறு விதமாகப் பார்த்தான். ஒன்பது நாள் அதை நம்பிச் சிரித்துத் திரிந்திருக்கிறான். அதற்குள்ளே ஒரு மஞ்சள் இருக்கலாம். ‘வாறன்’ என்றால் அவள் அந்த பஸ் தரிப்பிடத்தை மறக்கவில்லை. ‘பாப்பம்’ என்றால் உலகத்தில் எல்லோருக்கும் சொல்வதை இவனுக்கும் சொல்லியிருக்கிறாள். இரண்டுக்கும் இடையில் ஐந்து வருடம் கிடந்தது.

சரி, திருத்துவோம் என்று இறங்கினான். திருத்துவதில் அவன் கெட்டிக்காரன். ‘பாப்பம்’ பொத்தானுக்குப் புது ஐடி கொடுத்தான். பழைய பதில்களை எல்லாம் அழித்தான். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை பதில் தரவும்’ என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் அந்த நூற்று நாற்பத்தெட்டாவது வரியையும் தன் கையாலேயே அழித்துவிட்டதை உணர்ந்தான். அது வெள்ளையாகக் கிடந்தது.

சனம் கொதித்தது.

“ஒருக்கா வாறன் எண்டு சொன்னது காணாதோ? இனிக் கையெழுத்தும் வைக்கோணுமோ?” என்றார் ஒருவர். ஹ்விடோவ்ரேயில் இருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு மனிதனின் வாக்கின் பெறுமதி என்ற தலைப்பில் ஆறு நிமிடக் குரல் செய்தி அனுப்பினார். உண்மையாகவே வர இருந்தவர்களும் ரோசத்தில் மஞ்சளை அழுத்தினார்கள். இரண்டு நாளில் வாறன் முப்பத்தொன்று, பாப்பம் நூற்று இருபத்தாறு.

சாரங்கி ஒன்றையும் அழுத்தவில்லை.

சிவபாலன் சூசைதாசனையும் கூட்டிக்கொண்டு நிதுஷனின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஹான்ட்போல் ஹோல் எடுத்தாச்சு. முப்பத்தொரு பேரை அதுக்குள்ள விட்டா ஆளை ஆள் தேடோணும்,” என்றார் சிவபாலன்.

“எனக்கு ஒரு எண் சொல்லுங்கோ,” என்றார் சூசைதாசன். “ஆட்டை ‘பாப்பம்’ எண்டு வெட்ட ஏலாது.”

“அந்த மஞ்சளை எடுத்து விடுறன் அண்ணை,” என்றான் நிதுஷன். “ரெண்டில ஒண்டைச் சொல்லித்தானே ஆகோணும்.”

“எடுத்தா என்ன நடக்கும்?”

“வாறன் கூடும்.”

மஞ்சளை எடுத்துவிட்டு எல்லோரையும் மூன்றாம் தரமும் கேட்டான். நான் முதலிலேயே சொன்னேன், நம்மவர்களை அப்படி மூலையில் நிறுத்தக்கூடாது. ‘பாப்பம்’ சொல்ல வழியில்லாதவர்கள், நாளைக்கு வாக்குத் தவறினவர் என்று பெயர் வரக்கூடாதே என்று, பாதுகாப்பாக ‘வரேல்லை’யை அழுத்தினார்கள். முன்பு ‘வாறன்’ என்றவர்களும் மூன்றாம் தரம் கேட்ட ரோசத்தில் அதையே அழுத்த, மூன்றாம் நாள் வாறன் ஒன்பது. அதில் ஒருவர் சிவபாலன், ஒருவர் அவருடைய மனைவி ராசமலர், ஒருவர் சூசைதாசன், ஒருவன் நிதுஷன்.

“நாலு பேர் நாங்கள்தான்,” என்றார் சிவபாலன் தொலைபேசியில். அவருடைய குரலில் உயிர் இல்லை. “இவ்வளவு வருஷத்தில ஒன்றியத்துக்கு இப்பிடி ஒரு நிலை வரேல்லை தம்பி. கொப்பி இருந்த காலத்தில நல்லாத்தான் இருந்தது.”

“இப்ப என்ன செய்யிறது அண்ணை?”

“என்ன செய்யிறது, ஆளுக்காள் போன் அடிக்கிறதுதான். ஊர் ஊராப் பிரிப்பம். நான் ஹ்விடோவ்ரே பக்கம் எடுக்கிறன். நீர் ரண்டர்ஸை எடும்.”

நிதுஷன் ரண்டர்ஸ் பெயர்களைத் தாளில் எழுதினான். மனதில் இருப்பதைச் சொல்ல வாய் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திராது.

ரண்டர்ஸில் பதினான்கு பேர். சனிக்கிழமை பகல் பதின்மூன்று பேரோடு கதைத்தான். பதின்மூன்று பேரும் அன்பாகக் கதைத்தார்கள். வேலை எப்படி என்று கேட்டார்கள், இன்னும் ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டார்கள், ஒன்றுகூடலுக்கு வருவீர்களா என்று இவன் கேட்டதற்கு, “பாப்பம் தம்பி,” என்றார்கள்.

பதினான்காவது பெயர் மிச்சம் இருந்தது.

தேநீர் போட்டான். குடித்தான். கோப்பையைக் கழுவினான். துடைத்தான். தன் இலக்கம் தெரியாதபடி மறைத்துவைத்து அழைத்தான். ஐந்து தரம் மணி அடித்தது. பிறகு அவளுடைய குரல் வந்தது. பெயரைச் சொல்ல வாயெடுத்த பிறகுதான் அது பதிவு செய்த குரல் என்று புரிந்தது. தான் இப்போது பேச முடியாத நிலையில் இருப்பதாகவும், பெயரையும் செய்தியையும் சொன்னால் திரும்ப அழைப்பதாகவும் டேனிஷ் மொழியில் சொன்னாள். கடைசிச் சொல்லில் ஒரு சிறிய சிரிப்பு இருந்தது. தரிப்பிடத்தில் கேட்ட அதே சிரிப்பு.

அவன் செய்தி விடாமலே வைத்தான். திரும்ப அழைத்தான், அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காக. மூன்றாவது தரமும் அழைத்தான். ஒரு மனிதன் இவ்வளவு ஏங்கலாமா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. பிறகு பட்டியலில் சாரங்கிக்கு நேரே ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று எழுதினான். எழுதியவரையில் அது உண்மைதான்.

எல்லாம் கூட்டிப் பார்த்ததில் ஒருவருக்கும் ஒரு எண்ணும் கிடைக்கவில்லை. ஹான்ட்போல் மண்டபத்தைக் கைவிட முடியாது, ஆனால் சாப்பாட்டை அறுபது பேருக்குச் செய்வது என்று சிவபாலன் முடிவெடுத்தார். சூசைதாசன் பெரிய சட்டியைத் திரும்பவும் ஹ்விடோவ்ரேக்கு அனுப்பினார். அனுப்பிய விதத்தில் சட்டி கொஞ்சம் நெளிந்தது.

ஒன்றுகூடல் நாளான ஞாயிற்றுக்கிழமை வந்தது. அழைப்பில் பத்து மணி என்று போட்டிருந்தது. நிதுஷன் நீலச் சேட்டோடு ஒன்பதுக்கே வாசலில் நின்றான், கையில் பெயர்ப் பட்டியல் இருந்த டப்லெட். பதினொரு மணிக்கு, அத்தனை பெரிய மண்டபத்தில் எட்டுப் பேர். மங்கள விளக்கு ஏற்ற வந்த சிவபாலன் தீப்பெட்டியை மூன்று தரம் எடுத்து மூன்று தரம் பொக்கற்றில் வைத்தார்.

பன்னிரண்டரைக்குப் பிறகு கார்கள் வரத் தொடங்கின.

முதலில் ‘பாப்பம்’ சொன்னவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ‘வரேல்லை’ அழுத்தியவர்கள் வந்தார்கள். வாக்கின் பெறுமதி பற்றிக் குரல் செய்தி அனுப்பிய ஆசிரியர், கனடாவில் இருந்து வந்திருந்த தம்பி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு கடல் பாலத்தைக் கடந்து வந்தார். இணைப்பே போகாதவர்கள் வந்தார்கள். ‘எங்களுக்கு அழைப்பில்லை, ஆனாலும் வந்திருக்கிறம்’ என்று சொல்லிக் காட்டுவதற்காகவே நாலு பேர் வந்தார்கள். ஒன்றரை மணிக்கு நிதுஷன் எண்ணியபோது இருநூற்று முப்பத்தொரு பேர்.

“தம்பி,” என்றார் சூசைதாசன், சமையலறை வாசலில் அகப்பையோடு நின்று. “அறுபது எண்டு எனக்கு ஆர் சொன்னது?”

“கணினி அண்ணை.”

“அந்தக் கணினியை இஞ்ச ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும்.”

கறிக்குள் உருளைக்கிழங்கு போனது, பருப்பு இரண்டு தரம் தண்ணீர் கண்டது. சோறு முடிந்ததும் பெடியள் மூன்று காரில் பாண் வாங்க ஓடினார்கள். ஞாயிறு மத்தியானம் கிரின்ஸ்டெட் கடைகளில் வெள்ளைப் பாண் அரை மணித்தியாலத்தில் துடைத்தெடுத்த மாதிரி முடிந்தது. மிஞ்சியிருந்தது றூபிறோட், டேனிஷ்காரர் தினமும் தின்னும், செங்கட்டிபோல் இறுகிய கறுத்தப் புளித்த பாண். அதை நனைத்து ஆட்டுக்கறியோடு சனம் சாப்பிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் இரண்டாம் தரமும் கேட்டுப் போனார்கள். சூசைதாசன் அந்தப் பக்கமே பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் நடனம், பேச்சு, பரிசளிப்பு எல்லாம் நடந்தன. சிவபாலன் கட்டைவிரலோடு படம் எடுத்தார். இவ்வளவு சனத்தை இதற்கு முன் கண்டதில்லை என்று ராசமலர் நிதுஷனுக்குக் கைகொடுத்தார். பக்கம் செய்த தம்பி என்று எல்லோரும் அவனைத் தட்டிக்கொடுத்துப் போனார்கள்.

அவன் வாசலை விடவில்லை. ஒவ்வொரு காருக்கும் தலை நிமிர்ந்தான். ஒவ்வொரு பெண்ணின் சேலையும் தூரத்தில் அவளாகத்தான் இருந்தது, கிட்ட வர வேறு ஆளாகியது. மூன்று மணிக்குப் பட்டியலில் எல்லோருக்கும் நேரே சரி போட்டாகிவிட்டது. வரேல்லை என்றவர்களுக்கும் சரி. நூற்று நாற்பத்தெட்டாவது வரி மட்டும் வெள்ளை. நாலு மணிக்கும் வெள்ளை. ஐந்து மணிக்குக் கதிரைகளை மடிக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் தெரிந்தது அவனுக்கு, வாறனும் பாப்பமும் வரேல்லையும் இந்தச் சனத்துக்கு ஒரே பொத்தான்தான் என்று. எல்லோரும் வருவார்கள். ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்திக்கு இவன் நினைவே இல்லை, ஐந்து வருடத்தில் ஒரு தரம்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதை நினைக்க அவனுக்குக் கண் கலங்கியது. டப்லெட்டை மூடினான்.

சமையலறையில் இருந்து ஒரு பெண் வெறும் தட்டங்களை அடுக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். றோஸ் என்று மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டிருந்தான்.

“இதை ஒருக்கா கதவடி மட்டும் பிடியும் தம்பி. அவர் காரை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு நிக்கிறார். ரண்டர்ஸ் மட்டும் ஒண்டரை மணித்தியாலம் ஓடோணும்.”

தட்டங்களை வாங்கினான். இரண்டடி நடந்தான். நின்றான். பொத்தானும் இல்லை, பக்கமும் இல்லை, மறைக்க இலக்கமும் இல்லை. வேறு வழியே இல்லாததால் வாயைத் திறந்தான்.

“அக்கா, ஒரு விஷயம் கேக்கலாமோ?”

“கேளும்.”

“ரண்டர்ஸில சாரங்கி எண்டு ஒராள். பார்மசியில வேலை. அவ வரேல்லையோ?”

“சாரங்கியோ? உமக்கு அவவைத் தெரியுமோ?”

“ஒருக்காக் கண்டிருக்கிறன். ஐஞ்சு வருஷத்துக்கு முன்னம் ஒரே ஒரு தரம் இஞ்ச வந்தவ. பிறகு இந்தப் பக்கம் வரேல்லை.”

றோஸ் தோள்பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“ஆர் சொன்னது வரேல்லை எண்டு? கொப்பியில எங்கட அஞ்சு பேருக்குள்ள ஒராளா நாலு வருஷமும் எங்கட காரிலதான் வந்தது அந்தப் பிள்ளை. ஆரோ ஒருத்தர் வருவன் எண்டு சொன்னவராம், கடைசி மட்டும் வாசலைப் பாத்துக்கொண்டே நிக்கும், இந்த வருஷம்தான் ‘பாத்தது இனிக் காணும் அக்கா’ எண்டு வீட்டில நிண்டிட்டுது.”